கடைசியில் வருபவரின் நடை

(யூபிலி விழாக் கூட்டத்தில், மார்க்கையன்கோட்டை நடைக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



யூபிலி மேடைக்கு உகந்த பெரிய பொருள்கள் பல இருக்க, கடற்கரையில் நடந்து வந்த கதையைச் சொல்ல வந்திருக்கிறோம். பொறுத்தருள வேண்டுகிறோம்.

நமக்கு நடை புதிதன்று. நாற்று நடவும் களை எடுக்கவும் வரப்பில் நடக்கிறோம். நேர்த்திக்கடன் என்றால் இரவு பகல் பாராமல் நடக்கிறோம். ஆனால் காரியம் ஒன்றுமில்லாமல், நாலு பேரோடு பேசிக்கொண்டு மெல்ல நடப்பது மட்டும் நமக்குப் பழக்கமில்லை. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொன்ன சிலர் அதிகாலையில் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களோடு மற்றவர்களும் சேர, அதுவே நடைக் குழுவாயிற்று. சந்தாவும் இல்லை, தலைவரும் இல்லை.

ஒருநாள் எங்களில் ஒரு பெரியவர் வேடிக்கையாகக் கேட்டார்: “பெரியாறு மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆறு. 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி விட்டார்கள். கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாம், கடலைப் போய்ப் பார்க்க வேண்டாமா?” அந்தச் சொல் எங்களைப் பிடித்துக்கொண்டது. கோடை விடுமுறையில் வேன் அமர்த்தி, பதினெட்டுப் பேர் புறப்பட்டோம். குலசேகரன்பட்டினத்தில் இறங்கி, கரையோரமாக மணப்பாடு வரை ஆறேழு கிலோமீட்டர் நடப்பது என்று முடிவாயிற்று.

விடியுமுன் நடக்கத் தொடங்கினோம். காய்ந்த மணலில் கால் புதைந்தது. அலை வந்து போன ஈர மணலில் நடந்தால் தரை உறுதியாயிருக்கும் என்று வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் சொல்லிக் கொடுத்தார். ஆறு மணி அளவில் சூரியன் கடலிலிருந்து எழுந்தது. மலைக்குப் பின்னாலிருந்தே சூரியனைப் பார்த்துப் பழகிய நாங்கள் சற்று நேரம் பேச்சற்று நின்றோம்.

அதன்பின் இளைஞர்களுக்கு வேகம் வந்துவிட்டது. யார் முதலில் மணப்பாட்டுக் குன்றைச் சேர்வது என்று போட்டி. பெரியவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பி மணலை வாரி முகத்தில் அடித்தது. தலையைக் குனிந்துகொண்டு, அவரவர் காலைப் பார்த்து அவரவர் நடந்தோம். ஊரை நெருங்கியதும் கரையை விட்டுச் சாலைக்கு ஏறி, ஒரு மர நிழலில் எண்ணிப் பார்த்தோம். பதினேழு பேர்தான் இருந்தோம்.

எங்களுடன் வந்த பாட்டி ஒருவரைக் காணவில்லை. எந்த இடத்தில் பின்தங்கினார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வந்த வழியே ஓடினோம். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு நாட்டுப்படகின் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் நீராகாரம். கொடுத்த மீனவப் பெண் எங்களைப் பார்த்து, “கூட வந்த கிழவிய விட்டுட்டா போவீய?” என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

பாட்டி கோபிக்கவில்லை. “நீங்க போங்க, நான் மெல்ல வாரேன்னு நான்தான் சொன்னேன். ஆனா திரும்பிப் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்” என்றார். அவர் ஏசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

பிறகு அவரோடு மணப்பாட்டுக் குன்றேறித் திருச்சிலுவைக் கோவிலில் செபித்தோம். குன்றின் கடற்பக்கத்தில், 1542-ல் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் குகை இருக்கிறது. அங்கே அமர்ந்திருக்கையில், எங்களில் படித்தவர் ஒருவர் சவேரியாரின் வரலாற்றைச் சொன்னார்.

1544-ம் ஆண்டு குமரிமுனைப் பக்கத்து மக்கள் படையெடுப்புக்கு அஞ்சிப் பாறைகளில் ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். செய்தி கேட்ட சவேரியார் 20 தோணிகளோடு கடல்வழியே புறப்பட்டார். எதிர்காற்று விடவில்லை, மணப்பாட்டுக்கே திரும்ப நேர்ந்தது. அவர் ஓய்ந்திருக்கவில்லை. கரைவழியே கால்நடையாகக் குமரிக்குப் போனார். உண்ண ஒன்றுமில்லாதவர்களையும், மற்றவர்களோடு சேர்ந்து நடக்க முடியாத முதியவர்களையும் அங்கே கண்டதாகக் கடிதத்தில் எழுதினார்.

அன்பர்களே, எங்களை முன்னே விரட்டியதும் எதிர்காற்றுதான். அவரைப் பின்தங்கியவர்களிடம் நடக்க வைத்ததும் எதிர்காற்றுதான். காற்றின் மேல் பழி போட எங்களுக்கு வாய் வரவில்லை.

மாலை வெயில் தணிந்ததும் மீண்டும் கடலோரம் நடந்தோம். இம்முறை பாட்டி முன்னே; நாங்கள் பின்னே. அவர் நின்றால் நின்றோம். காலையில் நாங்கள் காணாதவற்றையெல்லாம் அப்போதுதான் கண்டோம். சின்னஞ்சிறு நண்டுகள் மணலை உருண்டை உருண்டையாக உருட்டி வைத்திருந்தன. வாசலில் அமர்ந்து பெண்கள் பனையோலைப் பெட்டி முடைந்தார்கள். ஒரு வீட்டில் உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் விண்கலம் ஏவும் தளம் அமைக்க 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. “ராக்கெட்டுக்கு அதன் வேகம், எனக்கு என் வேகம்” என்று பாட்டி சொல்ல, அன்று முதன்முறையாக எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

அன்றிலிருந்து நடைக் குழுவுக்கு ஒரே சட்டம்: மெல்ல நடப்பவர் முன்னே நடப்பார். ஆற்றங்கரையிலும் இன்றுவரை அப்படித்தான் நடக்கிறோம். முன்னைவிடக் கால்மணி நேரம் கூடுதலாகிறது. ஆனால் வருவோர் தொகை குறையவில்லை, கூடியிருக்கிறது.

யூபிலி ஆண்டில் நாம் கடந்து வந்த தூரத்தை எண்ணி மகிழ்கிறோம். மகிழத்தான் வேண்டும். அதோடு தலையையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். முழங்கால் வலியால் கோவிலுக்கு வர இயலாதவர், மனத்தாங்கலால் ஒதுங்கியவர், பிழைப்புக்காக வெளியூர் போய்த் திருவிழாவுக்கும் வர முடியாதவர் என்று, படகு நிழலில் உட்கார்ந்திருப்போர் நம்மிலும் உண்டு. “நீங்க போங்க” என்றுதான் அவர்களும் சொல்வார்கள். நாம் திரும்பிப் பார்ப்போம் என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள்.

அடுத்த கோடையிலும் கடற்கரைக்குப் போகிறோம். விருப்பமுள்ளோர் வரலாம். வேகமாக நடக்கத் தெரியாதவர்கள் கட்டாயம் வர வேண்டும். முன்னே நடக்க ஆள் தேவைப்படுகிறது.