வண்டியில் எண்ணெய் இருக்கிறதா?
(ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் மணக்கும் இவ்விழா மேடையில் பெட்ரோலைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் புவனேசுவரத்தில் குடியேறி வாழும் நாம் 2019ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாளை எளிதில் மறந்துவிட முடியாது. அன்று காலை பூரிக்கு அருகே கரையேறிய ஃபானி புயல் இந்நகரத்து மரங்களை வேரோடு சாய்த்தது. மின்சாரம் நின்றது, தொலைபேசி ஊமையாயிற்று. பல பகுதிகளுக்கு மின்விளக்குத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. அக்கினி நட்சத்திர வெயில் மட்டும் ஒரு நாளும் விடுமுறை எடுத்துக்கொள்ளவில்லை.

1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஒடிசாவில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். ஃபானியின்போதோ 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே வெளியேற்றியமையால் உயிர்ச்சேதம் நூற்றுக்குள் அடங்கிற்று. அரசாங்கம் தன் கடமையைச் செய்தது. வீட்டுக்குள் நாம் செய்யவேண்டியது என்ன என்பதே இன்றைய பேச்சு.

பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் தரைக்கடியிலுள்ள தொட்டியில் இருக்கிறது. அதை மேலே இழுத்து நம் வண்டிக்கு அளந்து தருவது மின்சார மோட்டார். தொட்டி நிறைய எண்ணெய் இருந்தாலும் மின்சாரம் இல்லையேல் ஒரு சொட்டும் வாராது. ஜெனரேட்டர் வைத்திருக்கும் பங்க்குகளே வழங்க இயலும். ஆகவே ஊரிலுள்ள வண்டிகள் அனைத்தும் அங்கேயே கூடும். எண்ணெய் கொண்டுவரும் டாங்கர் லாரியின் பாதையிலோ மரம் விழுந்து கிடக்கும்.

புயல்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளும் மறுநாளும், விபத்துக்குப்பின் நில்லாமல் ஓடும் ஓட்டுநருக்குக் கடுந்தண்டனை விதிக்கும் புதிய சட்டப்பிரிவை எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் முதலிய இடங்களில் பங்க்குகள்முன் நெடிய வரிசைகள் நின்றன. இரண்டாம் நாள் இரவே உடன்பாடு ஏற்பட்டது. எண்ணெய் தீருமுன்பே, தீர்ந்துவிடும் என்ற அச்சம் மக்களை வரிசைக்கு இழுத்துவிட்டது.

சொந்த ஊரில் இருப்பவருக்கு அடுத்த தெருவில் சித்தப்பா இருப்பார். அவரிடம் ஒரு வண்டி இருக்கும். நமக்கு இங்கே அண்டை வீட்டாரே சித்தப்பா. நம் காலனியில் வாரம் இருமுறை, மும்முறை டயாலிஸிஸுக்குச் செல்லவேண்டிய முதியோரும், நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருக்கக்கூடும். அவர்களுக்குப் புயல் ஓயும்வரை காத்திரு என்று சொல்ல இயலுமா? கட்டாக் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்த் திரும்ப வேண்டுமாயின் 50 கிலோமீட்டருக்குக் குறையாது; சாலை அடைபட்டுச் சுற்றிச் சென்றால் இன்னும் கூடும்.

அரிசிப்பானை அடிதட்டும்வரை நம் பாட்டிமார் விடுவதில்லை. அரிசி 'தீர்ந்தது' என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார்கள், 'நிறைந்திருக்கிறது' என்பார்கள்! அந்த வழக்கமே வண்டிக்கும் போதும். முள் பாதிக்கு வந்ததும் நிரப்பிவிட வேண்டும். 5 லிட்டர் கொள்ளும் ஸ்கூட்டரில் பாதி எண்ணெய் இருந்தால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடும். மாதச் செலவு இதனால் கூடுவதில்லை. முன்னே கொடுக்கிறோம், அவ்வளவே.

ஒடிசாக் கரைக்குப் புயல் மிரட்டும் காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் ஆகும். வானிலை ஆய்வுத்துறை 48 மணி நேரத்துக்கு முன்பே புயல் எச்சரிக்கை விடுக்கிறது. அதைக் கேட்டபின் ஓடுபவர் வரிசையின் கடைசியில் நிற்பார். மின்சார வண்டி வைத்திருப்போர் அச்செய்தி கேட்ட இரவே முழுவதும் சார்ஜ் ஏற்றிவிடுவது நலம்.

ஆனால் கேனில் வாங்கி வீட்டில் அடுக்கிவைக்கும் ஆர்வம் வேண்டவே வேண்டாம். உரிமமின்றி 30 லிட்டர் வரை தகுந்த கலத்தில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மையே. எனினும் பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று சமையலறை அடுப்பைத் தொட்டுவிடும். மேலும் இன்று கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு அளவுக்கு எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும், நாட்பட வைத்தால் கெடும். வண்டியின் தொட்டியே அதற்குரிய இடம்.

கோடையில் முழுத்தொட்டி நிரப்பினால் வெடித்துவிடும் என்று ஆண்டுதோறும் ஒரு வதந்தி உலவுகிறது. எண்ணெய்க் கம்பெனிகளே அதை மறுத்துள்ளன. பங்க்கில் குழாய் தானாக நின்றதும் மேலும் திணிக்காமல் விட்டால் போதுமானது.

இருட்டில் மின்விசிறி இல்லையென்று மூடிய கொட்டகைக்குள் காரை ஓடவிட்டு ஏ.ஸி.யில் அமர்வோரும், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவோரும் உண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆளை உறக்கத்திலேயே கொன்றுவிடும். தாய்மார்கள் இதைக் குழந்தைகளுக்கு வற்புறுத்திச் சொல்லவேண்டும்.

வாயிலருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். அவசரத்துக்கு வண்டியும் ஓட்டுநரும் தர இயலுவோர் தம் பிளாக் எண்ணையும், எந்நேரம் அழைக்கலாம் என்பதையும் எழுதுக. மருத்துவமனைக்குத் தவறாது செல்லவேண்டியவர் உள்ள வீட்டார் அடுத்த பக்கத்தில் எழுதுக. சிற்றுண்டிக்குப் போகுமுன் எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.