பழைய காமிக்ஸும் குற்றாலச் சாரலும்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய காமிக்ஸைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "இதுக்கெல்லாமா ஒரு பேச்சு?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார்கள். பரவாயில்லை, கேளுங்க.

இங்கிருந்து கடையநல்லூர், புளியங்குடி, ராஜபாளையம் தாண்டிப் போனால் சிவகாசி. 1972-இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு அங்கிருந்துதான் புறப்பட்டது. 1984-இல் லயன் காமிக்ஸ். அதே ஆண்டு தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005 வரை ஓடியது. படித்தோம், கைமாற்றினோம், கடைசியில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டோம். மிச்சமிருப்பதற்கு இன்று விலை வந்திருப்பது அதனால்தான்.

அமெரிக்காவில் இதற்கென்றே சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000-இல் வந்தது. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். 1938-இல் பத்து சென்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 9 மதிப்பெண் வாங்கிய பிரதி, 2014-இல் 32 லட்சம் டாலருக்குப் போனது. ஒட்டி, வண்ணம் பூசிச் சீர்செய்த புத்தகமென்றால் சீட்டையே ஊதா நிறத்தில் வைப்பார்கள். மறைக்க முடியாது. நம்ம ஊரில் விற்பவர் வாய்ச்சொல்தான் சீட்டு. "அண்ணாச்சி, புத்தம் புதுசு மாதிரி இருக்கு" என்பார். நம்பாதீங்க. புரட்டிப் பாருங்க.

முதலில், அசலா மறுபதிப்பா? மாயாவி கதைகள் பலமுறை மறுபதிப்பு கண்டவை; உள்ளே அச்சிட்ட விலையையும் தேதியையும் பாருங்கள். அடுத்து பக்கங்களை எண்ணுங்கள். நடுத்தாள்தான் முதலில் கழன்று போகும். கூப்பன் வெட்டியிருக்கிறதா, புதிரைப் பேனாவால் நிரப்பியிருக்கிறார்களா, ஓரம் நறுக்கியிருக்கிறதா? ஓரம் நறுக்கியது பைண்டிங் கடைக்காரர் வேலை. பத்துப் பன்னிரண்டு இதழைச் சேர்த்துத் தைத்து மெஷினில் ஒரே வெட்டு!

இனி நம்ம சாரல். ஜூன் பிறந்தால் நமக்குக் கொண்டாட்டம், காகிதத்துக்குக் கண்டம். மலிவு நியூஸ்பிரிண்டில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும். வெயில் பட்டாலும் நாள்பட்டாலும் பழுப்பேறி ஒடியும். ஈரத்தில் பின் துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளையும் தின்றுவிடும். துருப்பின்னை வெடுக்கென்று இழுக்காதீர்கள். உள்பக்கம் மடிந்த கால்களை மெல்ல நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் நூல் கோத்துக் கட்டுங்கள்.

செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை தாளுக்குள் இறங்கிச் சில ஆண்டில் பழுப்புக் கோடாகிவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், மையும் சேர்ந்து வரும். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஆவணக் காப்பகங்களில் கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் வைத்து ஒட்டுவார்கள். வேண்டாமென்றால் ஈரம் தொட்டு எடுத்துவிடலாம். அது கைவராதவர்கள் கிழிசலைக் கிழிசலாகவே விடுவது மேல்.

மேலகரத்தில் ஒரு அம்மா, இறந்துபோன தம்பியின் தொகுப்பைக் காட்டி விலை கேட்டார்கள். பைண்ட் செய்த நான்கு தொகுதிகள், ஓரம் நறுக்கியவை. "பிரிச்சுத் தனித்தனியா வித்தா கூட வருமாமே?" என்றார்கள். ஏதோ வியாபாரி சொல்லியிருக்கிறார். தைத்ததைப் பிரித்தால் முதுகு கிழியும், நறுக்கிய ஓரமோ திரும்ப வராது. அதை மறைத்து விற்றால்தான் கூடுதல் காசு. அதைச் சொன்னபோது அவர்கள் முகம் வாடியது. பணத்தேவை இருந்தது. ஆனால் ஒவ்வொரு இதழிலும் வாங்கிய தேதியையும் கடையையும் தம்பி பென்சிலில் குறித்திருந்தார். விற்பனைக்கணக்கில் அது குறை, மதிப்பெண் போகும். தென்காசியில் எந்த இதழ் எந்த நாளில் வந்து சேர்ந்தது என்பதற்கோ வேறு சாட்சி ஏது? பிரிக்காமல், குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சேர்த்தே விற்றுக்கொடுத்தோம். வியாபாரி சொன்னதில் பாதிதான் கிடைத்தது. வாங்கியவர் நம் கல்லூரிக்காரர்தான். தொகுதிகளை இன்று கொண்டுவந்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள், எண்ணெய்க் கையோடு வேண்டாம்.