ஜீப்புக்கு அருள் வந்தால்

பழைய ஜீப் ஓட்டியவர்களுக்குத் தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும், அவ்வளவுதான். ஸ்டீயரிங் அருள் வந்தமாதிரி ஆடும்.

முன்பக்கம் ஒரே நீள ஆக்ஸில். ஒரு சக்கரம் உதறினால் மற்றதும் சேர்ந்து உதறும். உடனே ஸ்டீயரிங் டேம்பரை மாற்றுவார்கள். அது காய்ச்சல் மாத்திரை. நோய் உள்ளேயே இருக்கும்.

டயர் காற்று, வீல் பேலன்சிங் சரியா? அப்படியானால் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். லொடலொடவென்றால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பக்கம் பாருங்கள். இரு பக்கவாட்டிலும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால், பெரும்பாலும் டை ராட் முனை.

பிறகு சக்கரத்தைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் லேசாகத் திருப்ப, நீங்கள் குனிந்து ஸ்பிரிங் புஷ்களைப் பாருங்கள். ரப்பர் நைந்திருந்தால் ஆக்ஸிலே நகர்வது தெரியும். வேட்டியை மட்டும் மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், கிரீஸ் போகாது!