ஐந்து கிராம் தேன்சிட்டு

மடத்துக்குளத்துக்குத் தெற்கே நீலமாய்த் தெரிகிறதே, ஆனைமலை! அங்கே சின்னத் தேன்சிட்டு என்றொரு குருவி. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எடை ஏறக்குறைய 5 கிராம். ஐந்து ரூபாய் நாணயம்கூட இதைவிடக் கனம். ஆணுக்கு முதுகு கருஞ்சிவப்பு. பெண் மங்கல்தான், ஆனால் வாலுக்கு மேலே மட்டும் ஒரு சிவப்புத் தீற்றல்.

நாக்கு குழல் மாதிரி. பூவின் வாய்க்குள் அலகு எட்டாவிட்டால் அடியில் துளைபோட்டுத் தேனை உறிஞ்சுவதும் தேன்சிட்டுகளின் வழக்கம். திருட்டுத்தான், என்ன செய்ய! குஞ்சுக்குத் தேன் போதாது. பூச்சியும் சிலந்தியும் வேண்டும். அந்தச் சிலந்தியின் நூலை வைத்தே தொங்கும் கூட்டையும் பின்னிவிடும். பனியன் பின்னும் ஊர்க்காரர்கள் நாமே அந்தப் பின்னலைப் பார்த்தால் அசந்துபோவோம்.

உங்கள் வீட்டுச் செம்பருத்திக்குக் காலையில் வருகிறதே ஊதாத் தேன்சிட்டு, அது இதன் பங்காளி.