பீடோங்கிலிருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்கு

அயல்நாட்டு நகரொன்றில் இளைஞர் ஒருவர் காலூன்றுவது அவருடைய துணிச்சலாலும் பழகும் திறத்தாலும் நிகழ்வதாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. கெடா மாநிலத் தமிழரின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. வந்து சேர்பவருக்காக என்ன ஏற்பாடு முன்கூட்டியே அமைந்திருந்தது, அதில் அவருக்கு என்ன உரிமை இருந்தது என்பவையே அவருடைய வாழ்வைப் பெரிதும் தீர்மானித்திருக்கின்றன.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த இளந்தொழிலாளர் பலர் கங்காணி முறையின் வழியே வந்தவர்கள். தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்த ஒருவர் நிர்வாகத்திடம் முன்பணம் பெற்றுத் தம் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்து வருவதே அம்முறை. பினாங்கில் கப்பல் விட்டிறங்கியவர்கள் ஜெரெஜாக் தீவில் நோய்க் கண்காணிப்புக்காகத் தங்கவைக்கப்பட்டு, பிறகு தோட்டத்து லயங்களில், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட குடியிருப்புகளில், அமர்த்தப்பட்டனர். அண்டை வீட்டாரின் பேச்சு, மாரியம்மன் கோயில், விடியுமுன் பேர் கொடுக்கும் பிரட்டு என யாவும் அங்கே ஆயத்தமாக இருந்ததால், புதியவர் தனித்துவிடப்படவில்லை. ஆனால் வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில், அந்த லயம் அடைக்கலமாக இருந்ததைப் போலவே தளையாகவும் இருந்தது. உடலுழைப்புத் தொழிலாளர் உதவித்தொகையுடன் மலாயாவுக்குச் செல்வதை 1938இல் இந்திய அரசு தடை செய்ததோடு கங்காணி வழியிலான வருகை நின்றது.

அவ்வாறு வந்தவர்களுடைய வழித்தோன்றல்கள் அடுத்து வெளிநாடு சென்றபோது நிலைமை முற்றிலும் மாறியிருந்தது. ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்குவதற்காக மலாயா அரசு இங்கிலாந்தில் இரண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளை நடத்தியது: லிவர்பூலுக்கு அருகே கிர்க்பியில் 1952 முதல் 1962 வரையும், வுல்வர்ஹாம்ப்டனுக்கு அருகே பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜில் 1955 முதல் 1964 வரையும் அவை இயங்கின. அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளாக 1957 ஆகஸ்ட் 31ஐ 1956 பிப்ரவரியில் முதன்முதலாக அறிவித்ததும் அந்தக் கிர்க்பி மாணவர்களின் முன்னிலையில்தான்.

பீடோங்கில் 1942இல் பிறந்து, பின்னாளில் ஆங்கில நாவலாசிரியராகப் புகழ்பெற்ற கே. எஸ். மணியம் 1962 முதல் 1964 வரை பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜில் பயின்றார். அவர் அங்கிருந்த முதல் குளிர்காலம் இங்கிலாந்தின் வரலாற்றில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. 1962 டிசம்பர் இறுதியில் விழத் தொடங்கிய பனி மார்ச் மாதத் தொடக்கம் வரை பல இடங்களில் கரையாது கிடந்தது. 1963 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சுமார் 2 பாகையாக இருந்தது. பால்மரக் காட்டின் புழுக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எத்தகைய சோதனை என்பதை விளக்க வேண்டியதில்லை. எனினும் அவர்களுக்கு விடுதியும் உதவித்தொகையும் திரும்பியதும் காத்திருக்கும் வேலையும் இருந்தன. மேலும், மலாய், சீன, இந்திய இளைஞர்கள் ஒரே வளாகத்தில் உண்டு உறங்கிப் படித்தனர். தோட்டமும் கம்பமும் கடைத்தெருவும் தனித்தனியே கிடந்த ஊரிலிருந்து சென்றவர்களுக்கு, ஆங்கில நகரம் பழகுவதற்கு முன்பே சொந்த நாட்டவர் பழகினர் என்பதே அப்பயிற்சியின் அரிய பயன்.

மணியம் 1981இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ என்னும் நாவல் இதன் மறுபக்கத்தைக் கூறுகிறது. இந்தியாவிலிருந்து கெடாவுக்கு வந்த பெரியத்தாய் என்னும் பாட்டி, தாம் வாழும் நிலத்துக்கு உரிமை பெறுவதற்காகப் போராடுகிறார். அவருடைய பேரன் ரவியோ இங்கிலாந்து சென்று ஆசிரியராகத் திரும்புகிறான். திரும்பியவனுக்குப் பிறந்த ஊரே அந்நியமாகத் தோன்றுவதை இந்நாவல் சித்திரிப்பதால், குடியமர்தல் பற்றி நினைப்பவர் எவரும் தவறாது படிக்க வேண்டிய நூல் இது.

அதே வுல்வர்ஹாம்ப்டனில் அக்காலத்தில் பஞ்சாபிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் வாழ்ந்தனர். 1967இல் நகரப் பேருந்துப் பணியில் சீக்கியர் தலைப்பாகையும் தாடியும் வைத்திருப்பதற்கான தடை குறித்துப் பூசல் எழுந்தது; 1969இல்தான் அத்தடை நீங்கியது. இரண்டாண்டு பயின்று திரும்பும் மாணவரை விருந்தினராக ஏற்ற அந்நகரம், அங்கேயே தங்கி உழைக்க வந்தவரிடம் வேறு முகம் காட்டியது. கெடாவின் தோட்டத் தமிழர் இங்கிலாந்தில் பயின்ற பேரன்மாரின் வழியே மாணவரின் நிலையையும், முன்னோரின் வழியே உழைப்பாளரின் நிலையையும் ஒருங்கே அறிந்தவர்கள்.

அந்த அறிவுக்கு இன்று வேலையிருக்கிறது. கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளின் இளைஞர்கள் தொழிற்சாலை விடுதிகளில் தங்கி வேலை செய்கின்றனர். தோட்ட, சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புக்கென 1990இல் இயற்றப்பட்ட 446ஆம் சட்டம், 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் பிற துறைத் தொழிலாளரின் தங்குமிடங்களுக்கும் பொருந்துகிறது. நெரிசலான, காற்றோட்டமற்ற விடுதி கண்ணில் படும்போது அருகிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும், பெருநாள்களில் அந்த இளைஞர்களைப் பெயர் சொல்லி வீட்டுக்கு அழைப்பதும், கோலா கெடா முதல் கூலிம் வரை இவ்வுரையைக் கேட்கும் நேயர்கள் ஒவ்வொருவராலும் செய்யக்கூடியவை; அவற்றை அவர்கள் செய்ய வேண்டும்.