கம்பு விழும் வரை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் மொழியின் சிறப்பையும் இலக்கியத்தின் இனிமையையும் பேசுவது நமது வழக்கம். அவ்வழக்கத்திலிருந்து சற்றே விலகி, கல்லூரி மாணவர்களின் தடகளப் போட்டிகளில் நடைபெறும் உயரந்தாண்டுதலைப் பற்றி இன்று பேச விரும்புகின்றோம். ஸ்ரீராம்புரத்துக்கும் உயரந்தாண்டுதலுக்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் வினவலாம். தொடர்பு உண்டு. அத்தொடர்பில் நாம் தீர்க்கவேண்டிய கடன் ஒன்றும் உண்டு. அதனை முடிவில் கூறுவோம்.

முதலில் விளையாட்டின் இயல்பைக் காண்போம். இரண்டு தூண்கள், அவற்றிடையே ஏறக்குறைய 4 மீட்டர் நீளமுள்ள குறுக்குக் கம்பு. ஓடிவந்து, ஒற்றைக் காலால் எழும்பி, கம்பு விழாமல் அப்பால் சேர வேண்டும். தாண்டியவருக்குக் கம்பு மேலும் உயர்த்தப்படும். தொடர்ந்து மூன்று முறை தவறியவர் விலக வேண்டும். எல்லோரும் விலகிய பின்னும் முதல்வராய் நிற்பவர் விரும்பினால் மேலும் உயர்த்திக்கொண்டே போகலாம். ஆதலின், வெற்றி பெற்றவரும் பெரும்பாலும் இறுதியில் கம்பைத் தட்டிவிட்டே களத்தை விட்டு வெளியேறுகின்றார். ஓட்டப் பந்தயத்தில் முதல்வர் நாடாவைத் தொட்டு முடிக்கின்றார். உயரந்தாண்டுதலிலோ முதல்வரும் தம் எல்லையைக் கண்டு, விழுந்த கம்பைத் திரும்பிப் பார்த்து முடிக்கின்றார். தோல்வியைக் கண்டு அஞ்சாத மனத்தை இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கும் விளையாட்டு வேறொன்று உண்டோ என ஐயுறுகின்றோம்.

இக்களத்தில் தமிழர் பெயர் நெடுங்காலத்துக்கு முன்பே ஒலித்தது. யாழ்ப்பாணத்தில் 1934-இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்றவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விளையாட்டில் இலங்கையின் சார்பில் தாண்டியபோது அவருக்கு வயது 17. பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்து, படிப்பையும் தாண்டுதலையும் ஒருங்கே வளர்த்தார். 1958-இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே. 1962-இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் பெற்றார். விளையாட்டினால் படிப்பு கெடும் என்று அஞ்சும் பெற்றோர் ஒன்றைக் கருத வேண்டும்: அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர். 2024-இல் அவர் மறைந்தபோது, விளையாட்டு வீரர் என்றும் கல்வியாளர் என்றும் இரு வகையாலும் போற்றப்பட்டார்.

எதிர்வீரசிங்கம் தாண்டிய காலத்தில் வீரர்கள் கம்பின்மேல் குப்புறப் புரண்டோ பக்கவாட்டில் உருண்டோ தாண்டினர். அவ்வழக்கத்தை அடியோடு மாற்றியவரும் ஒரு கல்லூரி மாணவரே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டிக் ஃபாஸ்பரி பள்ளி நாட்களிலேயே ஒரு புதுமுறையைத் தேடிக் கண்டார். வளைந்து ஓடிவந்து, கம்புக்கு முதுகைக் காட்டி எழும்பி, முகம் வானை நோக்க, தலை முன்னும் கால் பின்னுமாகக் கம்பைக் கடப்பது அவர் முறை. உடல் வில்லென வளைவதால், உடலின் எடை மையம் கம்புக்குக் கீழே செல்லும்போதே உடல் கம்புக்கு மேலே கடந்துவிடக் கூடும். கண்டோர் நகைத்தனர். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருடைய பயிற்சியாளரும் முதலில் பழைய முறைக்கே அவரைத் திருப்ப முயன்றார். அவரோ தம் முறையை விடவில்லை. 1968-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் வாகையர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கமும் வென்றார். இன்று உலகின் முன்னணி வீரர் யாவரும் பின்பற்றுவது அவர் முறையே.

இங்கு ஒரு செய்தியை நாம் மறத்தலாகாது. முதுகு கீழாக விழும் இம்முறை பஞ்சுமெத்தை இல்லாமல் இயலாது. மணற்குழியில் காலூன்றி இறங்கலாம். முதுகும் கழுத்தும் படும்படி விழலாகாது. ஃபாஸ்பரி பயின்ற பள்ளியில் நுரைமெத்தை முன்கூட்டியே வந்திருந்தது. அறிவும் துணிவும் அவருடையவை. அவற்றுக்கு இடங்கொடுத்தது அந்த மெத்தை. இச்செய்தியை நினைவில் வையுங்கள். மீண்டும் இதற்கே திரும்பி வருவோம்.

நம்மைப் போல் தாயகம் விட்டுப் பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் நெருக்கமான பெயர் தேஜஸ்வின் சங்கர். அவர் 1998-இல் டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் முதலில் கிரிக்கெட் பந்து வீசியவர். உயரந்தாண்டுதலுக்கு அவரைத் திருப்பியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016-இல், தமிழ்நாட்டுக் கோயம்புத்தூரில் நடந்த தேசிய இளையோர் போட்டியில், 17 வயதில் 2.26 மீட்டர் தாண்டினார். அதனால் ஹரிசங்கர் ராய் 2004-இல் நிறுவிய 2.25 மீட்டர் என்னும் இந்தியச் சாதனை முறிந்தது. பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2018 ஏப்ரலில் 2.29 மீட்டர் தாண்டினார். அதே ஆண்டு ஜூன் மாதம், ஃபாஸ்பரியின் ஓரிகன் மாநிலத்திலேயே நடந்த அமெரிக்கக் கல்லூரிகளின் வாகையர் போட்டியில் முதலிடம் பெற்றார். அன்று அவர் தாண்டிய உயரம் 2.24 மீட்டர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஃபாஸ்பரி மெக்சிகோவில் தாண்டிய அதே உயரம்! 2022-இல் 2.27 மீட்டர் தாண்டி அப்பட்டத்தை மீண்டும் வென்றார்.

அவ்வாண்டிலேயே அவருக்கு ஒரு சோதனை வந்தது. பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுக்கான தேர்வுப் பட்டியலில் முதலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. டெல்லி உயர்நீதிமன்றம் வரை சென்று, கடைசி நேரத்திலேயே அவர் பயணம் உறுதியாயிற்று. சென்றார், 2.22 மீட்டர் தாண்டினார், வெண்கலம் வென்றார். காமன்வெல்த் உயரந்தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அதே உயரத்தை வேறு சிலரும் தாண்டியிருந்தனர். ஆயினும் குறைவாகத் தவறியவர் என்ற முறையில் பதக்கம் அவருக்குரியதாயிற்று. எத்தனை முறை தாண்டினோம் என்பதுடன், எத்தனை முறை தட்டினோம் என்பதும் இக்களத்தில் கணக்கில் ஏறுகின்றது. மனம் கலங்காமல் முதல் முயற்சியிலேயே தாண்டுபவருக்கு அதன் பலன் பிறகு வந்து சேர்கின்றது.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் 1995-இல் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை அறியாதார் இங்கு இலர். ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாய் காய்கறி விற்றுக் குடும்பம் காத்தார். உடற்கல்வி ஆசிரியரின் தூண்டுதலால் தாண்டத் தொடங்கிய சிறுவன், உடற்குறையற்ற மாணவரோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றான். சேலத்தில் கல்லூரிப் படிப்பும் பயின்ற அவரைக் கண்டெடுத்து, பெங்களூருக்கு அழைத்துவந்து பயிற்றுவித்தவர் சத்யநாராயணா. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டி மாரியப்பன் தங்கம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டருடன் வெள்ளி. 2024-இல் பாரிசில் 1.85 மீட்டருடன் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம்! அதற்கு முன்பே, 2012-இல் இலண்டனில் இதே விளையாட்டில் 1.74 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றவர் இக்கன்னட நாட்டு ஹாசன் மாவட்டத்தின் கிரீஷா. பெண்களிலும், 1.92 மீட்டர் தாண்டி 2012-இல் இந்தியச் சாதனை படைத்து இலண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்ற சகனா குமாரி இந்நாட்டு மகளே.

சேலத்து மகனைப் பெங்களூர் வளர்த்தது. நம் பாட்டனாரும் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு முதலிய இடங்களிலிருந்து வந்து, பின்னி ஆலையிலும் மினர்வா ஆலையிலும் உழைத்து இம்மண்ணில் வேரூன்றியவர்களே. அவ்வாலைகளின் சங்கொலி ஓய்ந்துவிட்டது. நம் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குச் செல்கின்றனர். குறுக்குக் கம்பு எந்த மொழியிலும் பேசுவதில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தாய் என்று எவரையும் கேட்பதில்லை. அது கேட்பது உயரம் ஒன்றையே.

இப்போது நம் கடனைச் சொல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஸ்ரீராம்புரத்தில், நெருக்கமான ஒரு தெருவில், ஒரு பெண் இருந்தாள். அவள் பெயரைச் சொல்ல வேண்டா. மாநகராட்சிக் குழாய்க்கு நீர் பிடிக்கப் போகும் வழியில் திண்ணையின்மேல் குடத்தோடு தாவி ஏறுவாள் என்று அவள் பாட்டியார் கடிந்துகொள்வதை நாமே கேட்டிருக்கின்றோம். கல்லூரியில் முதலாண்டு விளையாட்டு விழா நடந்தது. அங்கு மெத்தை இல்லை, மணற்குழிதான் இருந்தது. ஆதலின் எல்லோரும் கால்களைக் கத்தரிபோல் மாற்றி வீசும் பழைய முறையிலேயே தாண்டினர். அவள் முதலிடம் பெற்றாள். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குச் சென்றபோது மற்றப் பெண்கள் முதுகு வளைத்து மெத்தையில் விழுந்தனர். மெத்தையை அன்றுதான் முதன்முதல் கண்டாள் அவள். கத்தரி முறையிலேயே தாண்டி நான்காமிடம் வந்தாள். அங்கிருந்த பயிற்சியாளர் ஒருவர் அவளைத் தனியே அழைத்து, காலையில் மைதானத்துக்கு வந்தால் புதுமுறை கற்பிப்பதாகச் சொன்னார்.

அச்செய்தி தெருவுக்கு வந்தது. விடியுமுன் பெண்பிள்ளை பேருந்தேறிப் போவதா என்றனர் சிலர். முதுகில் விழுந்து எலும்பு முறிந்தால் நாளை திருமணம் எப்படி என்றனர் வேறு சிலர். அவள் தந்தையார் நம்மிடமே வந்து கருத்துக் கேட்டார். நாம் என்ன சொன்னோம்? "படிப்பு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றோம். பெரியோர் சொல் என்று அவரும் ஏற்றுக்கொண்டார். அவள் மறுவார்த்தை பேசவில்லை. பட்டம் பெற்றாள், வேலைக்குச் சென்றாள், இல்லறம் நடத்துகின்றாள். குறையொன்றும் இல்லை என்று சொல்லலாம். ஆயினும், அவள் மூன்று முறை தட்டிவிட்டு விலகவில்லை. முதல் தாண்டலுக்கே அவளை ஓடவிடாமல் நாம் கம்பை எடுத்துவிட்டோம். அவளுடைய உயரம் எது என்பது அவளுக்கும் தெரியாமற் போயிற்று, நமக்கும் தெரியாமற் போயிற்று. சென்ற ஆண்டு இவ்விழாவுக்குத் தன் மகளோடு வந்திருந்தாள். அச்சிறுமி நாற்காலி வரிசைகளைத் தாவித் தாவி ஓடிக்கொண்டிருந்தாள். "ஓடாதே" என்று தாய் சொல்லவில்லை. அதைக் கண்டபோதுதான் இன்று இப்பொருளைப் பேசவேண்டும் என்று தீர்மானித்தோம்.

ஆகவே இச்சபையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணமும் பாடப்பிரிவும் கேட்கின்றோம்; மைதானம் உண்டா, தாண்டும் மெத்தை உண்டா, உடற்கல்வி ஆசிரியர் யார் என்பதையும் கேட்போம். கேட்பவர் பெருகினால் இல்லாத கல்லூரியிலும் மெத்தை வரும்.

இரண்டு: மெத்தை இல்லாத இடத்தில் புதுமுறையை முயலவேண்டாம் என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்வோம். மணற்குழியில் கத்தரி முறை போதும். ஆனால் அந்த அச்சத்தையே காரணமாக்கி விளையாட்டை நிறுத்தவேண்டாம். விபத்துக்கு மாற்று நல்ல மெத்தையும் நல்ல ஆசிரியருமே.

மூன்று: கண்டீரவா மைதானம் நம்மிடமிருந்து வெகுதொலைவில் இல்லை. நம் தெருவுக்கருகே மெட்ரோ வண்டியே வருகின்றது. விடியற்காலையில் பயிற்சிக்குச் செல்லும் பெண்பிள்ளைகளுக்குத் துணையாக முறைவைத்துச் செல்ல, ஓய்வுபெற்ற பெரியவர் நால்வர் முன்வந்தால் போதும். முதல் பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். தாண்டுவதற்குரிய காலணிச் செலவை விழாச் செலவிலிருந்து ஒதுக்கலாம். ஒரு மாலை குறைந்தால் மேடைக்கு அழகு குறையாது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் எல்லோரும் எதிர்வீரசிங்கமோ தேஜஸ்வினோ மாரியப்பனோ ஆகிவிடுவீர்கள் என்று நாம் சொல்லவில்லை. கம்பு ஒருநாள் விழத்தான் செய்யும். உங்கள் கால் பட்டு விழட்டும். எங்கள் கை பட்டு விழவேண்டாம். அதுவே எங்கள் விருப்பம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் இளைஞர்!