ஒதுங்கி வழிவிடும் சாலை



பத்தாம் ஆண்டு விழாவில் பயணம் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஸ்கை, ராசே என்னும் இரு தீவுகளில் நான் கண்ட சாலைகளைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

அங்கும் நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் செல்லுதலே முறை. ஆனால், ஊர்ப்புறச் சாலைகள் பல ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலமுடையவை. ஆங்காங்கே சாலையோரம் சற்றே அகன்றிருக்கும். அருகில் ஓர் அறிவிப்புப் பலகை நிற்கும். எதிரே வண்டி வந்தால், அவ்விடம் நம் இடப்புறமாயின் அதனுள் ஒதுங்க வேண்டும்; வலப்புறமாயின் அதற்கு நேரே நின்று, எதிர்வருவோரை ஒதுங்கிச் செல்ல விட வேண்டும். விரைந்து பின்வருவோர்க்கும் அங்கே வழிவிட வேண்டும். மேடேறி வருவோர்க்கு இறங்குவோர் இயன்றவரை விட்டுக்கொடுப்பர். வழி பெற்றவர் கையை உயர்த்தி நன்றி தெரிவித்துச் செல்வார்.

ஸ்கைத் தீவில் கூலின் மலைத்தொடரைப் படம் பிடிக்கும் ஆவலில், அத்தகைய ஒதுங்கிடம் ஒன்றில் எங்கள் மகிழுந்தை நிறுத்திவிட்டோம். எதிரெதிரே இரு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றிலிருந்து இறங்கிய முதியவர், "மலை எங்கும் போய்விடாது; நாங்கள் போக வேண்டும்" என்றார். அவர் குரலில் சினமில்லை. எனக்குத்தான் நாணம் மிகுந்தது. காட்சியைக் காணும் வேட்கையில், அக்காட்சிக்குள் வாழ்வோரை மறந்திருந்தேன்.

ஸ்கையிலிருந்து ஊர்திப் படகில் ராசே சென்றோம். கேலிக் மொழிக் கவிஞர் சோர்லி மெக்லேன் 1911இல் பிறந்த தீவு அது. அவருடைய புகழ்பெற்ற கவிதைக்குத் தலைப்பான 'ஹாலெய்க்', அத்தீவில் பாழ்பட்டுப்போன ஒரு சிற்றூர். 19ஆம் நூற்றாண்டில் ஆடு வளர்ப்பதற்காக நிலவுடைமையாளர் குடியானவர்களை வெளியேற்றிய ஊர்களுள் அதுவும் ஒன்று. இன்று அத்தீவுகளில் ஆடுகள் சாலையில் படுத்திருந்தால் வண்டிகள் காத்து நிற்கின்றன. அன்று அம்மக்களுக்கு விட்டுக்கொடுக்க எவரும் இருந்திலர்.

ராசேயின் வடக்கே ஆர்னிஷ் என்னும் சிற்றூருக்குச் சாலை இல்லாதிருந்தது. மக்கள் பலமுறை வேண்டியும் பயனில்லை. அவ்வூர்க் குடியானவரும் அஞ்சற்காரருமான கேலம் மெக்லவுட், 1960களின் நடுவில் தாமே சாலை போடத் தொடங்கினார். பாறை தகர்ப்பதற்கு அரசின் உதவி கிடைத்தது; எஞ்சியதெல்லாம் அவருடைய குந்தாலியும் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் செய்தவை. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பில் ஒன்றேமுக்கால் மைல் சாலை உருவாயிற்று. அது முடிந்தபோது ஆர்னிஷில் எஞ்சியிருந்தவர் அவரும் அவர் மனைவியுமே. 1982இல்தான் அதற்குத் தார் இட்டனர். 1988இல் அவர் மறைந்தார்.

ஊர் காலியான பின் சாலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். அச்சாலையின் வளைவுகளில் மெல்லச் சென்றபோது எனக்கும் தோன்றியது. ஆனால், அது இருந்ததால்தானே எங்கோ பிறந்த நான் அவ்வூரைச் சென்று காண முடிந்தது!

கவிதை படிப்போர் குறைந்துவிட்டனர் என்னும் கவலை நம் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழுகின்றது. எண்ணிக்கை பார்த்துத் தம் குந்தாலியைக் கீழே வைக்காத அம்மனிதரை நாம் நினைத்துக்கொள்ளலாம். நம் பாதையும் குறுகியதே. ஆதலின் மூத்தோராகிய நாம் ஒதுங்கிடங்களை அடைத்துக்கொண்டு நில்லாமல், பின்வரும் இளங்கவிஞர்களை முந்திச் செல்ல விடுவோம்.

இம்மேடையில் இன்று எனக்கு வழிவிட்ட உங்களுக்குக் கையுயர்த்தி நன்றி கூறி அமைகின்றேன்.